ஹாலோவீன் இரவுக்குப் பேய்க்கதை: படமா, பேய்வீடா, புத்தகமா?

மாறுவேடம் போட்டுக்கொண்டு, வீடு வீடாகக் கதவு தட்டி, பை நிறைய மிட்டாயோடு பிள்ளைகள் திரும்பிய பிறகும் ஹாலோவீன் இரவில் ஒன்றரை மணி நேரமாவது மிச்சமிருக்கும். பாதி வேடம் கலைந்திருக்கும். மிட்டாயைத் தரையில் கொட்டி ரகம் பிரித்து, பண்டமாற்று நடந்துகொண்டிருக்கும். யாருக்கும் தூக்கம் வராது. அமானுஷ்யக் கதைகளில் ஆர்வமுள்ள குடும்பத்துக்கு அக்டோபர் 31-இன் முக்கியமான நேரமே இதுதான். பேய்க்கதை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எந்த வடிவில் என்பதில்தான் வாக்குவாதம். பெரியவளுக்குப் படம் வேண்டும், அடுத்தவனுக்குப் பேய்வீடு வேண்டும், கடைக்குட்டிக்கு எல்லாம் வேண்டும், ஆனால் விளக்கை அணைக்கக் கூடாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தாலும், புத்தகத்தை எடுத்து எல்லாரும் கேட்க வாசிப்பதுதான் முதல் தேர்வு. கடைக்குட்டிக்கும் பன்னிரண்டு தாண்டிவிட்டது என்றால் மற்றவையும் போட்டிக்கு வரும்.

ஏன் என்றால், பயம் அளவைப் பொறுத்த விஷயம். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைலே நகரத்துப் பேய்வீடு ஒன்றுக்குள் 110 பேரை இதயத் துடிப்பு அளக்கும் கருவியோடு அனுப்பி, எவ்வளவு பயந்தார்கள், எவ்வளவு ரசித்தார்கள் என்று பார்த்தார்கள். முடிவுகள் 2020-இல் வெளிவந்தன. பயம் ஏற ஏற ரசனையும் ஏறுகிறது, ஓர் உச்சிக்குப் பிறகு பயம் மேலும் ஏறினால் ரசனை சரிகிறது. பேய்க்கதைப் பிரியர் யாரைக் கேட்டாலும் இதை ஒப்புக்கொள்வார். குடும்பம் என்று வரும்போதுதான் சிக்கல். அந்த உச்சி ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கிறது. பதினான்கு வயது அக்கா கொட்டாவி விடும் காட்சியில் ஆறு வயதுத் தம்பி போர்வைக்குள் போய்விடுவான். அதனால் ஒவ்வொரு வடிவத்தையும் நான் ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: நடுவில் பயத்தைக் கூட்டவும் குறைக்கவும் நம்மால் முடியுமா?

சின்னப் பிள்ளைகள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜோஆன் கேன்டர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பள்ளி சேரும் வயதுக்கு முன்னால் உள்ள குழந்தைகளைத் தோற்றம்தான் பயமுறுத்துகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொலைக்காட்சித் தொடரில் நல்ல மனிதர் ஒருவர் பச்சை அரக்கனாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றுவார். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் நல்லவர் என்பது பிடிபட்டுவிட்டது. சின்னவர்களுக்கோ சதை புடைத்து உருமாறும் அந்தக் காட்சியே மனதில் நின்றது. வயது ஏறும்போது இது மாறுகிறது. தோற்றத்தின் பயம் குறைந்து, 'இது நமக்கும் நடக்கலாமே' என்ற பயம் பெரிதாகிறது. இன்னொன்றும் அவர் சொல்கிறார். பயந்துபோன சின்னக் குழந்தையிடம் 'இது நிஜமில்லை' என்று விளக்குவதால் பெரிய பயன் இல்லை. மடியில் உட்காரவைத்து அணைத்துக்கொள்வதும் குடிக்க ஏதாவது கொடுப்பதும் வேலை செய்யும்.

சரி, முதலில் படம். ஏற்பாடு எதுவும் வேண்டாம், எல்லாரும் ஒரே சோபாவில், ஒரே நேரத்தில் அலறிவிட்டு ஒரே நேரத்தில் சிரிக்கலாம். இளவயதினர் உள்ள வீட்டில் இந்தக் கூட்டு அலறலுக்கு ஈடு இல்லை. ஆனால் படம் தன் வேகத்தில் ஓடும், அறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. நிறுத்தும் பொத்தான் நம் கையில் இருக்கிறதே என்று தோன்றும். நாம் அழுத்துவதற்குள் அந்த உருவம் திரையில் வந்து போயிருக்கும். சின்னவர்களுக்குத் தோற்றம்தான் பயம் என்றால், வந்த சேதம் வந்ததுதான்.

தரச்சான்றை நம்பிப் படம் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பிஜி-13 என்ற சான்று 1984 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் பெற்றோர் துணையோடு பார்க்கும் பிஜிக்கும் பெரியவர்களுக்கான ஆர் சான்றுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த பிஜி படம் இன்றைய பிஜி படத்தைவிட எவ்வளவோ கடுமையாக இருக்கலாம். 1982-இல் வெளிவந்த 'போல்டர்கைஸ்ட்' படத்தில் ஒருவர் கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே பிய்த்தெடுப்பார். அது பிஜி படம். 'நாங்கள் சின்ன வயதில் பார்த்ததுதானே' என்று தேடிப்பிடித்துப் போடும் பெற்றோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிரிட்டனின் வகைப்பாட்டு வாரியம் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: பிஜி படம் ஏறத்தாழ எட்டு வயதுக் குழந்தையைக் கலங்கவைக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி அதில் வாக்குறுதி எதுவும் இல்லை.

'பொம்மைப் படம்தானே' என்பதும் அதே பள்ளம். 2009-இல் வந்த 'கோரலைன்' முழுக்க பொம்மை அசைவுப் படம். அதில் அம்மாவைப் போலவே இருக்கும் இன்னொரு அம்மாவுக்குக் கண்ணுக்குப் பதில் கறுப்புப் பொத்தான். பத்து வயதுக்கு அது அற்புதமான திகில், நானே பரிந்துரைப்பேன். ஐந்து வயதுக்கு, பெற்ற அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நாள் உற்றுப் பார்க்கவைக்கும் விஷயம். படம்தான் என்று முடிவானால் பெரியவர் ஒருவர் அதை முன்கூட்டியே முழுசாகப் பார்த்திருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. ஒலியைப் பாதியாகக் குறைத்து வையுங்கள். திகில் படத்தின் பலத்தில் பாதி அதன் ஒலியில்தான் இருக்கிறது. மிகச் சின்னவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 1966-இல் வந்த சார்லி பிரவுனின் பூசணிக்காய்ச் சிறப்புப் படம் போதும். அரை மணிக்குள் முடிந்துவிடும். பூசணித் தோட்டத்தில் ஒரு பையன் வராத ஒன்றுக்காக இரவெல்லாம் காத்திருப்பான், அவ்வளவே.

பேய்வீட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குறுகிய நடைபாதை, விட்டு விட்டு மின்னும் விளக்கு, திரைக்குப் பின்னாலிருந்து திடீரென்று பாயும் வேடதாரிகள், சங்கிலி கழற்றிய ரம்பத்தின் உறுமல். நடத்துபவர்களுடைய திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போனபின் வேகம் முழுக்க அவர்கள் கையில். பின்னால் கூட்டம் தள்ளும், நடுவில் திரும்புவது சிரமம். டென்மார்க் ஆய்வில் கலந்துகொண்டவர்களில் மிக இளையவருக்கே வயது பன்னிரண்டு. நானும் அதையே கீழ் எல்லையாக வைப்பேன். சில இடங்களில் சிறுவர்களுக்கென்று பகலில், விளக்குகளை எரியவிட்டு, வேடதாரிகள் முகமூடி இல்லாமல் நிற்கும் நேரம் உண்டு. அது நல்ல ஏற்பாடு. மற்றபடி கதைப் பிரியர்களுக்குப் பேய்வீட்டில் கதையே கிடைக்காது, அதிர்ச்சிகள்தான் வரிசையாக வரும். இளவயதினர் ஆசைப்பட்டால் அக்டோபரிலேயே வேறொரு மாலையில் போய்வரட்டும். ஹாலோவீன் இரவை அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

இனி வானொலி நாடகம். பலர் யோசிக்காத தேர்வு, என்னைக் கேட்டால் இரண்டாவது இடம் இதற்குத்தான். 1938 அக்டோபர் 30 இரவு, ஹாலோவீனுக்கு முந்தைய நாள், நடிகர் ஆர்சன் வெல்ஸின் குழு அமெரிக்க வானொலியில் நடித்த செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகத்தின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. மொத்தம் ஒரு மணி நேரம். நடன இசை ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தி அறிவிப்பு குறுக்கிடும், மறுபடி இசை, மறுபடி அறிவிப்பு. பிறகு நியூ ஜெர்சியின் ஒரு பண்ணையிலிருந்து நிருபர் நேரடியாகப் பேசுவார். விண்ணிலிருந்து விழுந்த உருளையிலிருந்து என்னென்னவோ வெளியே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் சட்டென்று அறுந்துவிடும். அதன்பின் வெறும் மௌனம். சில விநாடிகள்தான், ஆனால் இருட்டில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது மிக நீளமாக இருக்கும். அன்று நாடே பீதியில் ஓடியது என்பது பத்திரிகைகள் ஊதிப் பெருக்கிய கதை. சிலர் உண்மை என்று நம்பிப் பயந்தது நிஜம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நாடகத்தைப் போலவே இந்தப் பின்கதையும் பிடிக்கும்.

வானொலி நாடகத்தில் உருவம் கிடையாது. அவரவர் தாங்கும் அளவுக்கு அவரவர் மனமே உருவத்தை வரைந்துகொள்ளும். கண் பார்த்துப் பயப்படும் வயதுக்கு இது பெரிய அனுகூலம். ஆனால் வேகம் இங்கேயும் பதிவினுடையதுதான். பழைய ஆங்கில உச்சரிப்பும் செய்தி நடையும் சின்னவர்களுக்கு எட்டாது, பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பிப்பார்கள். எல்லாரும் பத்து வயதுக்கு மேல் என்றால் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

வாசிப்புக்கு வருவோம். வாசிப்பவர் கண் பாதி பக்கத்தில், பாதி பிள்ளைகள் முகத்தில் இருக்கும். நீட்டியிருந்த சின்னக் கால் போர்வைக்குள் இழுபட்டதா? குரலை ஒரு படி இறக்கி, அடுத்த இரண்டு வரியைத் தாண்டி, வேலைக்காரக் கிழவிக்குக் கீச்சுக் குரல் கொடுத்துச் சிரிக்கவைத்துவிடலாம். பெரியவள் கைப்பேசியைத் தேடுகிறாளா? ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, கதவுப் பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொடரலாம். இவ்வளவையும் ஒரே பக்கத்துக்குள் செய்ய முடியும். வேறு எந்த வடிவத்திலும் அளவு இப்படிக் கைக்குள் இருப்பதில்லை.

எந்தக் கதை என்று கேட்டால், வயது கலந்த வீட்டுக்கு ஆஸ்கர் வைல்டின் 'கேன்டர்வில் பேய்'. 1887-இல் பத்திரிகையில் வந்த கதை, ஏழு சிறிய அத்தியாயங்கள். இங்கிலாந்தில் பேய் உலவும் ஒரு மாளிகையை அமெரிக்கக் குடும்பம் ஒன்று வாங்குகிறது. நூலக அறைத் தரையில் முந்நூறு வருட ரத்தக் கறை. மூத்த மகன் கறை நீக்கியை எடுத்துத் தேய்க்கிறான், கறை போய்விடுகிறது. காலையில் பார்த்தால் மறுபடி இருக்கிறது. மறுபடி தேய்க்கிறான், மறுபடி வருகிறது. நாளாக ஆக நிறம் மாறி, ஒருநாள் மரகதப் பச்சையாகவே வந்து நிற்கிறது! இந்த இடத்தில் புத்தகத்தை மூடி 'ஏன் பச்சை?' என்று கேட்டுப்பாருங்கள். வரும் விளக்கங்களைக் கேட்கவே நேரம் பத்தாது. சிவப்பு தீர்ந்துவிட்டதால் பேய் வீட்டுப் பெண்ணின் வண்ணப் பெட்டியிலிருந்து நிறம் திருடியிருக்கிறது என்பது பின்னால்தான் தெரியவரும். நள்ளிரவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு வரும் பேயிடம் வீட்டுக்காரர் எண்ணெய்ப் புட்டியை நீட்டி, தூங்க முடியவில்லை, சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் போடுங்கள் என்கிறார். இரட்டைப் பையன்கள் தலையணையால் அடித்துத் துரத்துகிறார்கள். பேய்தான் மனிதரைக் கண்டு பயந்து ஒடுங்குகிறது. பயப்படும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

கடைசி அத்தியாயங்களில் கதை கனக்கிறது. அந்தப் பேய்க்குத் தூக்கமே இல்லை, சாவின் தோட்டத்தில் போய் ஓய்வெடுக்க ஏங்குகிறது, வீட்டுப் பெண் அதற்காக அழுகிறாள். இதை ஹாலோவீன் இரவில் அவசரமாக முடிக்க வேண்டாம். முதல் மூன்று அத்தியாயங்களை அன்று வாசித்துவிட்டு, மிச்சத்தை நவம்பரின் முதல் இரவுகளுக்கு வைத்துக்கொண்டால் கதைக்கும் நியாயம், பிள்ளைகளுக்கும் நியாயம்.

வாசிப்பில் கடைக்குட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள். சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, சங்கிலி வரும் இடத்திலெல்லாம் குலுக்கச் சொல்லுங்கள். சத்தம் போடுகிற பிள்ளைக்கு அந்தச் சத்தத்தின்மேல் பயம் இருக்காது. 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரமும் அவனுக்கு இருக்கட்டும். அந்த உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் கடைசிவரை உட்கார்ந்திருப்பான். வெளிச்சத்துக்குப் பூசணி விளக்கு ஒன்று போதும், உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கை வைத்துவிடுங்கள். இந்த விளக்கை அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கில்தான் குடைந்தார்கள், அமெரிக்கா போன பிறகே பூசணிக்கு மாறியது. அந்தப் பழைய கிழங்கு முகங்களின் படத்தைப் பெரியவர்களுக்குக் காட்டுங்கள், பூசணியைவிடப் பயங்கரமாக இருக்கும்.

வாசிக்காமல் வாயால் சொல்வது இன்னொரு வழி. மொழிநடை கடினமான பழைய கதைகளுக்கு இதுதான் சரி. வாஷிங்டன் இர்விங் 1820-இல் வெளியிட்ட தலையில்லாக் குதிரைவீரன் கதையை அப்படியே வாசித்தால் வர்ணனையிலேயே பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நாமே சொன்னால் கால் மணி நேரம்: ஒல்லிக்குச்சி வாத்தியார், நள்ளிரவுப் பாதை, பின்னால் குளம்படி, தலையைச் சேணத்தின் முன்பக்கம் வைத்திருக்கும் குதிரைவீரன், பாலம். காலையில் வாத்தியாரைக் காணோம், அவர் தொப்பிக்குப் பக்கத்தில் உடைந்த பூசணிக்காய். வந்தது பேயா, அதே பெண்ணை விரும்பிய போட்டிக்காரனா? இர்விங் போட்டிக்காரன் பக்கம் கோடி காட்டிவிட்டு, முடிவாக எதையும் சொல்லாமல் விடுகிறார். சின்னவர்கள் போட்டிக்காரன் என்று நம்பித் தூங்கப் போகலாம், பெரியவர்கள் பேய் என்றே வைத்துக்கொள்ளலாம்.

திடுக்கிடவைக்கும் கதைகளுக்கு மார்க் ட்வைன்தான் ஆசான். சின்ன வயதில், அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஒரு முதியவரிடம் கேட்ட தங்கக் கை கதையை அவர் மேடைகளில் சொல்வார். கல்லறையிலிருந்து எழுந்து வந்த குரல், 'என் தங்கக் கையை எடுத்தது யார்?' என்று திரும்பத் திரும்பக் கேட்கும். பிறகு ஓர் இடைவெளி, பிறகு 'நீதான்!' என்ற பாய்ச்சல். அந்த இடைவெளி ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் கதை போச்சு என்று எழுதியிருக்கிறார். கூட்டத்தில் அதிகம் பயந்துபோனவரைப் பார்த்துக் கத்த வேண்டும் என்பது அவர் யோசனை. வீட்டில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தனக்குப் பயமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் மூத்தவரைப் பார்த்துக் கத்தினால், சின்னவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

குடும்பமே கூடிக் கதை எழுதுவது அழகான யோசனை, ஆனால் அன்றைய இரவுக்கு ஒத்துவராது. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் ஓயாத மழையில் அடைந்துகிடந்தபோது, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் ஆங்கிலக் கவிஞர் பைரன். அங்கே இருந்த பதினெட்டு வயது மேரிக்கு (பின்னாளில் மேரி ஷெல்லி) பல நாள் ஒன்றுமே தோன்றவில்லை, காலையில் எழுந்தால் 'கதை கிடைத்ததா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றே சொல்ல வேண்டியிருந்தது என்று பின்னாளில் எழுதினார். அந்தக் கதைதான் 1818-இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆக வந்தது. மேரிக்கே நாள்கணக்கில் ஆனது. மிட்டாய் தின்று துள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் அரை மணியில் கதை கேட்பது நியாயமில்லை. அக்டோபர் முதல் வாரமே தொடங்கி, வாரம் ஒரு பக்கம் எழுதி, ஹாலோவீன் இரவில் அவரவர் கதையை அவரவரே வாசிக்கும்படி வைத்துக்கொண்டால், அதற்கு நிகர் வேறில்லை.

ஐந்து வயதும் பதினைந்து வயதும் ஒரே வீட்டில் என்றால், இரவை இரண்டாகப் பிரித்துவிடுவதே நல்லது. முதல் முக்கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்து கேன்டர்வில் மாளிகை, முடிந்தால் மூத்த பிள்ளையே வாசிக்கட்டும். சின்னவர்கள் தூங்கியதும் பெரியவர்களுக்கு மட்டும் இன்னொரு கதை, விளக்கைக் குறைத்து. அதற்கு நான் எடுப்பது 1902-இல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய 'குரங்கின் பாதம்'. அரை மணியில் முடிந்துவிடும், பேய் ஒருமுறைகூடக் கண்ணில் படாது. குரங்கின் பாதம் ஒன்று தரும் மூன்று வரங்கள், ஒரு மகனின் சாவு, நள்ளிரவில் கதவைத் தட்டும் சத்தம். தாய் தாழ்ப்பாளைத் திறக்கத் தவிப்பாள், தந்தை இருட்டில் தரையைத் தடவி அந்தப் பாதத்தைத் தேடுவார். கதவுக்கு வெளியே நின்றது எது என்று ஜேக்கப்ஸ் காட்டவே மாட்டார். படமாகப் பார்ப்பதைவிட வாசித்தால் இந்தக் கதை பல மடங்கு வலுவாக இருப்பது அதனால்தான்.